மெக்கன்சி ஆற்றுத் தடமும் வனாந்தர எல்லையும்: காட்டுப் பாதையில் மலை மிதிவண்டி

மெக்கன்சி ஆற்றுத் தடம் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஓரிகன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரின் மேற்குச் சரிவில், மெக்கன்சி ஆற்றை ஒட்டிச் செல்லும் காட்டுப் பாதையாகும். இதன் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர். இது வில்லாமெட் தேசிய வனத்துக்குள் அமைந்துள்ளது. நடப்போரும் மலை மிதிவண்டி ஓட்டுவோரும் இதைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றனர்.

இத்தடத்துக்குக் கிழக்கே சற்றுத் தொலைவில் மவுண்ட் வாஷிங்டன் வனாந்தரமும், தென்கிழக்கே திரீ சிஸ்டர்ஸ் வனாந்தரமும் உள்ளன. அங்கும் இதே மலை, இதே மரங்கள், இதே எரிமலைப் பாறைகள்தாம். ஆனால் அந்த எல்லைக்குள் மிதிவண்டியை ஓட்டக் கூடாது. கையில் வைத்திருக்கவும் கூடாது. ஒரே காட்டில் கோட்டுக்கு இப்பால் அனுமதிக்கப்படுவது அப்பால் ஏன் குற்றமாகிறது? இந்தக் கேள்விக்கான விடையில் ஒரு விளையாட்டின் வரலாறும், ஒரு சட்டத்தின் வரலாறும், இயற்கையை எதற்காகக் காப்பது என்பது பற்றிய நெடிய விவாதமும் அடங்கியுள்ளன.

தேசிய வனமும் வனாந்தரமும்

தமிழ்நாட்டில் காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா என்று காடுகளுக்குப் பல நிலைகள் இருப்பதுபோல அமெரிக்காவிலும் பொது நிலங்கள் பல வகைப்படும். அவற்றுள் இரண்டை இங்கே வேறுபடுத்தி அறிய வேண்டும்.

தேசிய வனம் பல பயன்களுக்கு உரியது. அங்கே மரம் வெட்டலாம், கால்நடை மேய்க்கலாம், சாலை போடலாம், அணை கட்டலாம், பொழுதுபோக்கு இடங்கள் அமைக்கலாம். எல்லாம் வனத்துறையின் திட்டத்துக்கு உட்பட்டு நடக்கும்.

வனாந்தரம் என்று இக்கட்டுரை குறிப்பிடுவது, 'வில்டர்னஸ்' என்ற பெயரில் நாடாளுமன்றம் தனிச் சட்டத்தால் அறிவித்த பகுதியை. பெரும்பாலும் ஒரு தேசிய வனத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ இருக்கும் நிலத்தின் மீதே இந்தக் கூடுதல் பாதுகாப்பு போர்த்தப்படுகிறது. அங்கே சாலை இல்லை, கட்டடம் இல்லை, எந்திர ஓசை இல்லை. பாதையில் விழுந்த மரத்தை அகற்றும் பணியாளர்கள்கூட வழக்கமாக எந்திர ரம்பத்தைப் பயன்படுத்துவதில்லை. இருவர் பிடித்து இழுக்கும் கைரம்பத்தால்தான் அறுக்கின்றனர்.

தடத்தின் இயல்பு

மெக்கன்சி ஆற்றுத் தடத்தின் மேல்முனை கிளியர் ஏரிப் பகுதியிலும், கீழ்முனை மெக்கன்சி பிரிட்ஜ் என்னும் சிற்றூருக்கு அருகிலும் உள்ளன. இரண்டுக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 500 மீட்டர். ஆகவே மிதிவண்டியில் வருவோர் பெரும்பாலும் மேல்முனையில் தொடங்கி ஆற்றோடு கீழ்நோக்கி வருவர்.

கிளியர் ஏரி எரிமலையால் உண்டானது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடிய எரிமலைக் குழம்பு ஆற்றை அடைத்தது. தேங்கிய நீர் அங்கிருந்த காட்டை மூழ்கடித்தது. நீர் கடுங்குளிராக இருப்பதால், அன்று மூழ்கிய மரங்கள் சில இன்றும் மக்காமல் ஏரிக்குள் நிற்பதைத் தெளிந்த நீரின் வழியே காணலாம்.

ஏரிக்குக் கீழே சஹேலி அருவி சுமார் 30 மீட்டரும், கூசா அருவி சுமார் 21 மீட்டரும் விழுகின்றன. அதற்கும் கீழே கார்மன் நீர்த்தேக்கம் உள்ளது. அதைத் தாண்டியதும் ஆற்றுப்படுகை வறண்டு கிடக்கும். நீரின் ஒரு பகுதி மின் உற்பத்திக்காக வேறு நீர்த்தேக்கத்துக்குத் திருப்பப்படுகிறது. எஞ்சியது துளைகள் நிறைந்த எரிமலைப் பாறைக்குள் இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. பல கிலோமீட்டருக்குப் பின் டமாலிச் என்னும் குளத்தில் அது நீல நிறத்தில் மீண்டும் வெளிப்படுகிறது. கோடையிலும் இந்நீர் உடல் விறைக்கும் அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அழகில் மயங்கிப் பாறையிலிருந்து குதித்தவர்கள் உயிரிழந்ததும் உண்டு.

மேல்பகுதியில் தடம் கூரிய எரிமலைப் பாறைகளின் மீது செல்கிறது. தேர்ந்தவர்கள்கூட அங்கே சில இடங்களில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவர். கீழ்ப்பகுதியில் டக்ளஸ் பர், செஞ்சீடர், ஹெம்லாக் ஆகிய முதுமரங்களின் நிழலில், உதிர்ந்த ஊசியிலைகள் மெத்தைபோல் பரவிய மண்தடம் வருகிறது. ஓடைகளைக் கடக்க ஒடுங்கிய மரப்பாலங்கள் உள்ளன. ஒருவர் மட்டுமே செல்லத்தக்க இத்தகைய அகலம் குறைந்த பாதையை ஒற்றைத்தடம் என்பர். மலை மிதிவண்டி ஓட்டுவோர் பெரிதும் விரும்புவது இதைத்தான். எதிரே வருபவருக்கு ஒதுங்க இடம் இல்லாததால் சிக்கல் தொடங்குவதும் இங்கேதான்.

மெக்கன்சி ஆறு யூஜின் நகரின் குடிநீர் ஆதாரம். தடத்தில் அரிக்கப்படும் மண் மழையோடு இறங்கிச் சேரும் இடம் அந்த ஆறு என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மலை மிதிவண்டியின் தோற்றம்

மிதிவண்டி பழையது, மலை மிதிவண்டி புதியது. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில், டமால்பய்ஸ் மலையின் மண்சாலைகளில் இளைஞர்கள் சிலர் பழைய கனத்த மிதிவண்டிகளில் இறங்கி விளையாடினர். 1976 அக்டோபரில் அங்கே 'ரீபேக்' என்ற பந்தயம் தொடங்கியது. பின்சக்கர அச்சில் இருந்த பிரேக், இறக்கத்தில் சூடேறி உள்ளிருக்கும் கிரீஸை எரித்துவிடும். ஒவ்வோர் இறக்கத்துக்குப் பின்னும் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

ஜோ பிரீஸ் 1977இல் இந்தப் பயன்பாட்டுக்கென்றே ஒரு சட்டகத்தை வடிவமைத்தார். கேரி பிஷரும் சார்லி கெல்லியும் 1979இல் இத்தகைய வண்டிகளை விற்கும் நிறுவனத்தைத் தொடங்கினர். சட்டகங்களை டாம் ரிச்சி செய்து கொடுத்தார். 1980களில் பெருநிறுவனங்கள் இதில் இறங்கியதும் விளையாட்டு உலகெங்கும் பரவியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலை மிதிவண்டிப் பந்தயம் சேர்க்கப்பட்டது.

அகன்ற பட்டன் டயர், பல பற்சக்கரங்களைக் கொண்ட கியர், வலுவான பிரேக், அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் ஆகிய நான்கும் சேர்ந்து, முன்பு கால்நடையாக மட்டுமே செல்ல முடிந்த பாதைகளைச் சக்கரத்துக்குத் திறந்துவிட்டன. ஒரு நாளில் 10, 15 கிலோமீட்டர் நடந்தவர் போன இடத்துக்கு மிதிவண்டியில் வருபவர் இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்.

1964ஆம் ஆண்டுச் சட்டம்

வனாந்தரச் சட்டம் மலை மிதிவண்டிக்கு மூத்தது. 1964 செப்டம்பர் 3 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். அதன் வரைவை எழுதியவர் ஹோவர்ட் ஜானிசர். பல ஆண்டுகள் அதற்காகப் பாடுபட்ட அவர், சட்டம் நிறைவேறுவதற்குச் சில மாதங்களுக்கு முன் காலமானார். தொடக்கத்தில் 54 பகுதிகள், சுமார் 91 லட்சம் ஏக்கர் பாதுகாப்புப் பெற்றன. மவுண்ட் வாஷிங்டனும் திரீ சிஸ்டர்சும் அந்த முதல் பட்டியலிலேயே இடம்பெற்றவை. இன்று 800க்கும் மேற்பட்ட பகுதிகளில் 11 கோடி ஏக்கருக்கும் அதிகமான நிலம் இச்சட்டத்தின் கீழ் உள்ளது.

சட்டத்தின் 4ஆம் பிரிவு தடை செய்யப்பட்டவற்றைப் பட்டியலிடுகிறது: தற்காலிகச் சாலை, மோட்டார் வாகனம், மோட்டார் கருவி, மோட்டார் படகு, வானூர்தி இறங்குதல், கட்டடம் முதலியன. அந்தப் பட்டியலில் 'வேறு எவ்வகையான எந்திரவழிப் போக்குவரத்தும்' என்ற பொருள்படும் சொற்றொடர் ஒன்று உள்ளது. வழக்கு முழுவதும் இந்தச் சொற்றொடரைச் சுற்றியே நடக்கிறது.

மிதிவண்டியில் மோட்டார் இல்லை. ஆனால் சங்கிலியும் பற்சக்கரமும் கொண்ட எந்திரம் அது. அப்படியானால் அது தடைக்கு உட்பட்டதா? வனத்துறை 1966இல் வெளியிட்ட விதி, உயிரற்ற ஆற்றலால் இயங்குவதையே எந்திரவழிப் போக்குவரத்து என்று வரையறுத்தது. அதன்படி பார்த்தால் மனிதக் காலால் இயங்கும் மிதிவண்டி தடைக்குள் வராது. ஆனால் அப்போது காட்டுக்குள் மிதிவண்டி ஓட்டுவோர் அரிது. எனவே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மலை மிதிவண்டி பெருகத் தொடங்கியபின், 1984இல் வனத்துறை வெளிப்படையாகத் தடை விதித்தது. வனாந்தரத்துக்குள் மிதிவண்டியை ஓட்டுவதோடு, உடன் வைத்திருப்பதும் விதிமீறல் ஆனது. ஆகவே 'ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் வந்தேன்' என்ற சமாதானம் அங்கே செல்லாது. மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் சக்கர நாற்காலிக்கு இத்தடை பொருந்தாது என்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவுபடுத்தியது.

பசிபிக் கிரெஸ்ட் நெடுந்தடம் மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை ஏறத்தாழ 4,265 கிலோமீட்டர் செல்கிறது. மேற்கூறிய இரு வனாந்தரங்களின் வழியாகவும் அது போகிறது. 1988இல் பிறப்பித்த ஆணையால், வனாந்தரத்துக்கு வெளியே உள்ள பகுதிகளிலும் அத்தடத்தில் மிதிவண்டி தடை செய்யப்பட்டுள்ளது. எனவே வனாந்தர எல்லையை மட்டும் அறிந்தால் போதாது. குறிப்பிட்ட தடத்தின் விதியையும் அறிய வேண்டும்.

எல்லை நகர்ந்தபோது

வனாந்தர எல்லை நிலையானது அன்று. புதிய சட்டம் வரும்போது எல்லை விரிகிறது. அப்போது நேற்றுவரை ஓட்டிய பாதை இன்று மூடப்படும்.

ஐடஹோ மாநிலத்தின் ஒயிட் கிளவுட்ஸ் மலைகள் இதற்குச் சான்று. அங்குள்ள காசில் சிகரத்தின் அடியில் சுரங்கம் தோண்டும் திட்டம் 1970ஆம் ஆண்டு மாநிலத் தேர்தலிலேயே பெரும் பிரச்சினையாக இருந்தது. திட்டத்தை எதிர்த்த செசில் ஆன்ட்ரஸ் ஆளுநராக வென்றார். 1972இல் அப்பகுதி தேசியப் பொழுதுபோக்குப் பகுதியின் பாதுகாப்பைப் பெற்றது. பின்னர் அதன் உயர்தடங்கள் மலை மிதிவண்டி ஓட்டுவோரிடையே புகழ் பெற்றன. அப்பகுதியைத் தேசிய நினைவிடமாக அறிவித்தால், நிலமும் காக்கப்படும், மிதிவண்டிக்கும் இடம் இருக்கும் என்று மிதிவண்டி அமைப்புகள் எதிர்பார்த்தன. ஆனால் நாடாளுமன்றம் வேறு வழியை எடுத்தது. 2015 ஆகஸ்ட் 7 அன்று குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், சுமார் 2,75,000 ஏக்கரை மூன்று வனாந்தரங்களாக ஆக்கியது. காசில் டிவைட், ஆன்ட்ஸ் பேசின் என்னும் இரு தடங்களும் மிதிவண்டிக்கு மூடப்பட்டன.

காடு காக்கப்பட வேண்டும் என்று குரல் கொடுத்தவர்களே அந்தக் காட்டிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. இதனால் எழுந்த மனத்தாங்கல் சிறிதன்று.

ஆனால் அதே சட்டத்தில் மாற்று வழி ஒன்றும் உள்ளது. ஜெர்மேனியா ஓடையை ஒட்டிய தடம் இரு வனாந்தரங்களுக்கு இடையே ஒரு சந்துபோல விடப்பட்டது. அங்கே சக்கரங்கள் தொடர்ந்து செல்லலாம். ஓரிகனின் ஹூட் மலையிலும் 2009ஆம் ஆண்டுச் சட்டம், வனாந்தரத்தை விரித்ததோடு, மிதிவண்டிக்கு இடம் தரும் பொழுதுபோக்குப் பகுதி ஒன்றையும் தனியே உருவாக்கியது. கோட்டை வரையும்போதே பாதையை எண்ணிப் பார்த்தால் இரண்டையும் காக்க முடியும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டு.

இரு தரப்பு வாதங்கள்

தடையை நீக்கக் கோருவோர் கூறுவது: மிதிவண்டி புகை விடுவதில்லை, ஓசை எழுப்புவதில்லை. குதிரைக்கு அனுமதி உண்டு. துடுப்புப் படகுக்கும் பனிச்சறுக்குக் கட்டைக்கும் அனுமதி உண்டு. மனித ஆற்றலால் இயங்கும் மிதிவண்டியை மட்டும் ஒதுக்குவது முறையன்று. முழு விடுதலை வேண்டா. எந்தத் தடத்தில் விடலாம் என்பதை உள்ளூர் அதிகாரிகளே முடிவு செய்யட்டும்.

தடையை ஆதரிப்போர் கூறுவது: வனாந்தரம் விளையாட்டுத் திடல் அன்று. மனிதன் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு நுழைய வேண்டிய இடம் அது. எந்திரம் தூரத்தைச் சுருக்கிவிடுகிறது. தூரம் சுருங்கினால் தனிமை சுருங்கும். மேலும், ஒரு விலக்கு அளித்தால் அடுத்த விலக்குக்கு வழி பிறக்கும்.

2016இல் யூட்டா மாநில மேலவை உறுப்பினர்கள் மைக் லீ, ஆரின் ஹேட்ச் ஆகியோர் தடையைத் தளர்த்தும் மசோதாவைக் கொண்டுவந்தனர். 2017இல் கீழவையில் டாம் மெக்ளின்டாக் மற்றொரு மசோதாவை முன்வைத்தார். இரண்டும் சட்டமாகவில்லை. 1988இல் தொடங்கிய பன்னாட்டு மலை மிதிவண்டிச் சங்கம்கூட 2017 மசோதாவை ஆதரிக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1964 சட்டத்தைத் திருத்துவதைவிட, புதிய எல்லைகளை வரையும்போது பேசித் தீர்ப்பதே நல்லது என்பது அதன் நிலைப்பாடு.

சக்கரம் மண்ணைக் கெடுக்கிறதா?

'சக்கரம் பாதையை அழிக்கிறது' என்பது பொதுவான குற்றச்சாட்டு. மான்டானாவில் நடந்து 1994இல் வெளியான ஆய்வு ஒன்று, குதிரைக் குளம்பும் மனிதப் பாதமும் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்க்கின்றன என்று கண்டது. ஆனால் இதைக் கொண்டு சக்கரம் தீங்கற்றது என்று முடிவு செய்துவிடக் கூடாது. ஈரமண்ணில் ஓட்டினால் நீண்ட பள்ளம் விழும். மழைநீர் அதையே வாய்க்காலாக்கிக்கொள்ளும். பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கினாலும் இதே கதிதான்.

உண்மையில் பாதையின் முதல் எதிரி நீர். எனவே பாதை அமைப்போர் சில விதிகளைக் கையாளுகின்றனர். அவற்றுள் ஒன்று அரைவிதி: பாதையின் சரிவு, அது செல்லும் மலைச்சரிவின் சரிவில் பாதியைத் தாண்டக் கூடாது. மலைச்சரிவு 30 விழுக்காடு என்றால் பாதையின் சரிவு 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. தாண்டினால் நீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு ஓடத் தொடங்கும். பாதையின் வெளிவிளிம்பைச் சற்றுத் தாழ்த்துவதும், இறக்கத்தின் நடுவே ஆங்காங்கே சிறு ஏற்றம் வைப்பதும் நீரை வெளியேற்றவே.

விலங்குகளும் வேகமும்

மண்ணைவிடக் கவலைக்குரியது வேகம். நடப்பவரின் வரவை விலங்கு முன்கூட்டியே உணர்ந்து விலகிவிடும். மிதிவண்டி அமைதியாகவும் விரைவாகவும் வருவதால் இருவருக்குமே அந்த அவகாசம் கிடைப்பதில்லை.

2016 ஜூனில் மான்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவுக்கு வெளியே, பிளாட்ஹெட் தேசிய வனத் தடமொன்றில், மிதிவண்டியில் வந்த ஒருவர் பார்வை மறைந்த வளைவில் கிரிஸ்லி கரடி மீது மோதினார். கரடி தாக்கியதில் அவர் உயிரிழந்தார். கரடியைக் கண்டது முதல் மோதியது வரை அவருக்கு ஓரிரு நொடிகளே கிடைத்திருக்கும் என்று விசாரணைக் குழு மதிப்பிட்டது. அவர் சென்றது அனுமதிக்கப்பட்ட தடம்தான். அனுமதி இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

ஓரிகனில் இன்று கிரிஸ்லி கரடிகள் இல்லை. கருங்கரடியும் மலைச்சிங்கமும் உண்டு. எனவே மெக்கன்சித் தடத்திலும் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைத்துக் குரல் கொடுக்க வேண்டும்.

தடத்தில் நடந்துகொள்ளும் முறை

பன்னாட்டுச் சங்கம் வகுத்த ஆறு நெறிகள் பல நாடுகளிலும் பின்பற்றப்படுகின்றன. அவை வருமாறு:

1. அனுமதிக்கப்பட்ட தடத்தில் மட்டும் ஓட்டுதல்.
2. சுவடு விடாமல் செல்லுதல். ஈரத்தடத்தைத் தவிர்க்க வேண்டும். புதுக் குறுக்குவழி உண்டாக்கக் கூடாது.
3. வண்டியைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல்.
4. பிறருக்கு வழிவிடுதல். நடப்பவருக்கும் குதிரைக்கும் மிதிவண்டி வழிவிட வேண்டும். இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும்.
5. விலங்குகளை மிரட்டாதிருத்தல்.
6. முன்கூட்டியே திட்டமிடுதல்.

இறுதி நெறி எளிதாகத் தோன்றினாலும் முதன்மையானது. தலைக்கவசம், மாற்று டியூப், காற்றடிக்கும் பம்பு, குடிநீர், காகித வரைபடம் ஆகியவை உடன் இருக்க வேண்டும். மலைப்பள்ளத்தாக்கில் கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது. 2020 செப்டம்பரில் மூண்ட ஹாலிடே பார்ம் காட்டுத்தீ மெக்கன்சிப் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் 1,70,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. தீயாலும் விழுந்த மரங்களாலும் தடத்தின் பகுதிகள் மூடப்படலாம் என்பதால், புறப்படும் முன் வனத்துறை அறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம்.

மின்மோட்டார் பொருத்திய மிதிவண்டியை அமெரிக்க வனத்துறை மோட்டார் வாகனமாகவே கருதுகிறது. எனவே மோட்டார் வண்டிகளுக்கென ஒதுக்கப்படாத தடத்தில் அதை ஓட்ட முடியாது.

முடிவாக

வனாந்தர எல்லையைக் காட்டுவது பெரும்பாலும் மரத்தில் அறைந்த ஒரு சிறு பலகைதான். வேலி இல்லை, காவலரும் இல்லை. அந்த இடத்தில் வண்டியைத் திருப்புவதா வேண்டாமா என்பதை ஓட்டுபவரே முடிவு செய்கிறார். எங்கே எந்தக் கோட்டை வரைய வேண்டும் என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. அடுத்த எல்லை வரையப்படும்போது மிதிவண்டிக்கு ஒரு பாதை விடப்படுமா என்பது வாதத் திறமையை மட்டும் பொறுத்தது அன்று. இப்பால் திறந்திருக்கும் தடங்களில் மிதிவண்டி ஓட்டுவோர் மண்ணையும் விலங்கையும் எதிரே நடந்து வருபவரையும் எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் பொறுத்தது.